அரசிலைத் தகடு அடித்தவர்

என் வீட்டுக்காரர் போய்விட்ட செய்தியைப் பக்கத்துத் தோட்டத்து ஆறுமுகம் அண்ணன் கொண்டுவந்தார். காலையில் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் போனவர், திரும்பும்போது அதை உருட்டிக்கொண்டே வந்தார். சந்து முனையில் கோழி குறுக்கே வந்தால்கூட மணியடிக்கிறவர், அன்றைக்கு மணியடிக்கவில்லை. வாசலில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, "ஏனுங் அம்மணி..." என்றார். அப்புறம் தலைத்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் அழவில்லை. திரும்பி, அடுப்படியில் உட்கார்ந்திருந்த என் மகள் தெய்வானையைப் பார்த்தேன். "கண்ணு, வாயைத் தொற பாக்கலாம்" என்றேன். திறந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் தரையில் உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரரின் உயிரை வாங்கியது ஒரு மீன் கொக்கி. அதே கொக்கி, அதே நேரத்தில், என் மகள் கையிலும் ஏறியிருந்தது. அந்தக் காயத்தால் நோய் வந்தால் முதலில் வாய்தான் பூட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். வருகிற அமாவாசை தாண்டும்வரை குழந்தையைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அமாவாசை இன்னும் வரவில்லை. இந்தப் பயத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கணபதி வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறவர் அவர். அங்கே நடத்துகிற கையெழுத்துப் பத்திரிகையில் போட அவரைப் பற்றிச் சொல்லும்படி கேட்டு வந்தார்கள். "நீங்க சொல்லச் சொல்ல நாங்க எழுதிக்கறமுங்க" என்றார்கள். எனக்குத் தெரிந்த எழுத்தில் நானே எழுதித் தருகிறேன் என்றேன். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மற்றவர்கள் கூப்பிட்ட இடத்தில் அந்தப் பெயர் வரும்.

கருமத்தம்பட்டிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவர் அவர். கணபதியில் ஒரு பட்டறையில் பித்தளை மேஸ்திரியாக இருந்தார். பம்புக்கு வேண்டிய வால்வும் புஷ்ஷும் கடைந்து கொடுப்பது அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். ஆனால் வேலை செய்துகொண்டே தனக்குள் சிரித்துக்கொள்வார். கேட்டால், "ஒண்ணுமில்ல புள்ள, இந்தத் தகடு அடங்க மாட்டேங்குது, உன்னையாட்டவே இருக்குது" என்பார்.

தெய்வானை கைக்குழந்தையாக இருந்தபோது மில்லில் எஞ்சினீயராக இருந்த ஒரு துரை பட்டறைக்கு வந்தார். கையிலிருந்த தீப்பெட்டியைத் திறந்து காட்டினாராம். உள்ளே பஞ்சின் மேல் ஒரு சின்னத் தகடு, அது கோத்திருந்த கம்பி, கம்பியின் அடியில் மூன்று முள் சேர்ந்த ஒரு கொக்கி. தகடு விரிசல் விட்டிருந்தது. அதற்கு ஸ்பின்னர் என்று பெயர். நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் என்ற மீனைப் பிடிக்கத் துரைமார் வைத்துக்கொள்வது.

"சீமையிலிருந்து வர மாசக்கணக்காகும். நாச்சிமுத்து மேஸ்திரி, இதைப் போல ஒண்ணு செய்ய முடியுமா?" என்று துரை தமிழிலேயே கேட்டாராம்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். எனக்கு முதலில் கண்ணில் பட்டது தகடு அல்ல, கொக்கிதான். மூன்று முள்ளும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. எந்தப் பக்கம் தொட்டாலும் ஒன்று குத்தும். "இதைக் கொழந்தை இருக்கற ஊட்டுக்குள்ள வெக்காதீங்க" என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். காய்ந்த சோளத்தட்டை உடைத்து, உள்ளே இருக்கும் வெள்ளை நெட்டியைத் துண்டு துண்டாக நறுக்கி, மூன்று முள்ளுக்கும் தொப்பி மாதிரி செருகினார். அன்றிலிருந்து எந்தக் கொக்கி வந்தாலும் முதலில் நெட்டி செருகிவிட்டுத்தான் தன் கருவிப் பெட்டியைத் திறப்பார்.

அந்தத் தகட்டை எடுத்துத் தெய்வானையின் இடுப்பில் கட்டியிருந்த வெள்ளி அரசிலை மேல் வைத்துப் பார்த்தார். பெண் குழந்தைகளுக்கு அரைஞாணில் கோத்துக் கட்டுகிற அந்த அரசிலைதான். அளவும் வளைவும் அச்சாக இருந்தன. அப்போது அங்கே இருந்த ஆறுமுகம் அண்ணன், "ஏனுங் மேஸ்திரி, துரை மீனுக்கு அரசிலை கட்டி அழகு பாக்கறாராட்ட இருக்குதுங்க! வெக்கப்பட்டுக்கிட்டு வெளிய வருமாக்கும்!" என்றார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பழைய பித்தளைச் சொம்பின் வயிற்றை வெட்டி, குழந்தையின் அரசிலையை அளவாக வைத்து, முதல் தகட்டை அடித்தார். அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்கு ஸ்பின்னர் என்ற பெயர் இல்லை. அரசிலைத் தகடுதான்.

தகடு தண்ணீரில் சுற்றினால்தான் மீன் வரும். சுற்றுகிறதா என்று பார்க்கக் கணபதியில் ஓடை எங்கே இருக்கிறது? ஆறுமுகம் அண்ணன் தோட்டத்தில் மாடு கட்டி இறைக்கிற கவலையின் வாய்க்கால்தான் இருந்தது. மாடு இறக்கத்தில் இறங்கினால் கிணற்றிலிருந்து தோல்பறி மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். வாய்க்காலில் தண்ணீர் புரண்டு ஓடும். மாடு பின்னால் ஏறும்போது தண்ணீர் இளைத்து நின்றுபோகும். மறுபடி கொட்டும், மறுபடி நிற்கும். அவர் நூலில் தகட்டைக் கட்டி வாய்க்காலில் விட்டுவிட்டுக் குந்தியிருப்பார். தண்ணீர் வேகமாக வரும்போது எந்தத் தகடும் சுற்றும். தண்ணீர் இளைக்கும்போதும் எது கடைசிவரை சுற்றுகிறதோ அதுதான் நல்ல தகடு என்பார். சுற்றாததை வீட்டுக்குக் கொண்டுவந்து, மரக்கட்டையின் மேல் வைத்து, இன்னும் கொஞ்சம் குழி தட்டுவார். சுற்றுகிறதா என்று பார்க்காமல் ஒரு தகட்டைக்கூட அவர் கொடுத்தனுப்பியதில்லை.

"நாங்க தண்ணி பாச்சறது பயிருக்கா, உங்க மீனுக்கா?" என்று ஆறுமுகம் அண்ணன் மாட்டை ஓட்டிக்கொண்டே கேட்பார்.

"பயிரு உங்களுது, பளபளப்பு எம்படது. நிறுத்தாம ஓட்டுங்க" என்பார் அவர்.

துரைக்கு அவர் அடித்த தகடு பிடித்துப்போனது. கோடையில் மலைக்குப் போகும்போது கூட அழைத்துப்போவார். ஒரு கோடையில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் குழந்தையையும் சேர்த்து அழைத்துப்போனார்கள். மலைப்பாதையில் கார் வளைந்து வளைந்து ஏறியபோதே குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மேலே போனால் குளிர். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கால் வைத்தால் எலும்பு வலித்தது.

காலையில் ஓடைக்கரையில் அவர் எனக்குக் காட்டினார். அந்த மீன் நம் ஊர் மீன் அல்ல, சீமையிலிருந்து முட்டையாகப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்து விட்டது என்றார். கல்லுக்குப் பின்னால், தண்ணீர் வரும் பக்கம் முகத்தை வைத்து அசையாமல் நிற்கும். அதன் தலைமேல் போட்டால் ஓடிவிடும். தண்ணீர் வரும் பக்கம் தள்ளி, கொஞ்சம் குறுக்காகத் தகட்டை எறிய வேண்டும். தகடு முங்கியதும், கழியில் நூல் சுற்றியிருக்கிற ரீலைச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் தகடு மேலே வந்து தண்ணீரைக் கிழிக்கும். மெதுவாகச் சுற்றினால் புரளாமல் வெறும் கல்லாகப் போகும். இரண்டுக்கும் நடுவில் சுற்றினால் கழி முனையில் ஒரு துடிப்பு வரும்.

"புடிச்சுப் பாரு. நாடி பாக்கறாப்பல இருக்கும்" என்று கழியை என் கையில் கொடுத்தார். துடித்தது. நான் பயந்து கழியை அவரிடமே தள்ளிவிட்டேன்.

"பசிக்குத்தான் கடிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"பசியும் உண்டு. ஆனா பாதி கோவம். தான் இருக்கற எடத்துல வேறொண்ணு வந்து பளபளங்குதேன்னு பாஞ்சு கடிக்குது."

அன்றைக்கே தகடு நடு ஓடையில் ஒரு பாறை இடுக்கில் சிக்கியது. அதை எடுக்க அவர் கழியோடு தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு போனதும் மூடுபனி வந்து ஓடையை மூடிவிட்டது. ஆளைக் காணோம். "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்தினேன். பதில் இல்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் இங்கும் அங்கும் ஓடினேன். மூடுபனி விலகியபோது அவர் கீழே வளைவில் நின்றுகொண்டிருந்தார். கையில் மீன். முதுகெல்லாம் கறுப்புப் பொட்டு, பக்கவாட்டில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு.

"கூப்புட்டது கேக்கலீங்களா?" என்று அழுதேன்.

"கேட்டுது புள்ள. சத்தம் போட்டா மீனு போயிரும்னு பேசாம நின்னேன்."

"எனக்கு உசுரு போயிருச்சு."

அவர் மீனை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "பயம் இருக்கட்டும் புள்ள. பயம் இருக்கறவதான் பாத்துக்கிட்டே இருப்பா. பயமில்லாத மீனைத்தான் முதல்ல சட்டியில பாக்கறோம்."

அன்றைக்கு அது எனக்குக் கேலியாகத்தான் தெரிந்தது.

இனி எழுத வேண்டியதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இந்தக் கோடைக்குத் துரை ஒரு புதுத் தகடு கேட்டிருந்தார். அவர் அடித்து முடித்து, தெய்வானையைக் கூட்டிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். அவளுக்கு ஏழு வயசு. நூலைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. நான் கிணற்றுமேட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். கடைசிச் சோதனையை எப்போதும் கொக்கியோடுதான் செய்வார். கொக்கியின் கனம் சேர்ந்தால் தகடு வேறு மாதிரி சுற்றும். நெட்டி செருகித்தான் விட்டார். தண்ணீரில் ஊறி நெட்டி கழன்று போனதை யாரும் பார்க்கவில்லை. கொக்கி ஒரு வேரில் மாட்டியது. குழந்தை நூலைச் சுண்டி இழுத்தாள். விடுபட்ட கொக்கி தண்ணீரை விட்டு எகிறி வந்து அவள் கட்டைவிரல் சதையில் ஏறியது. அவள் கையை உதற, அவர் பாய்ந்து பிடிக்க, இன்னொரு முள் அவர் உள்ளங்கையில் ஏறிவிட்டது.

நான் திரும்பிப் பார்த்தபோது அப்பனும் மகளும் ஒரே கொக்கியில் மாட்டி நின்றார்கள். அவர் அசைந்தால் அவள் விரல் கிழியும். அவள் அசைந்தால் அவர் கை கிழியும். அந்தக் காட்சி இப்போதும் கண்ணை மூடினால் வருகிறது.

"கண்ணு, அசையாத. ட்ரவுட்டாட்டம் நில்லு. அப்பனைப் பாரு" என்றார். அவள் அசையாமல் நின்றாள். அவருடைய குறடு கொஞ்சம் தள்ளி வரப்பில் கிடந்தது. நான் ஓடி வருவதற்குள் அவர் தன் உள்ளங்கையைக் கிழித்து விடுவித்துக்கொண்டு, குறட்டை எடுத்து, அவள் விரலில் இருந்த முள்ளை மறுபக்கம் வரத் தள்ளி, முனையை வெட்டி எடுத்துவிட்டார். புண்ணுக்குப் போடத் துரை கொடுத்த டிஞ்சர் புட்டி பெட்டியில் இருந்தது. அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அதை முழுக்க அவள் விரலில் ஊற்றினார். அவள் எரியுது எரியுது என்று குதித்தாள்.

"உங்களுக்குங்க?" என்றேன்.

"எனக்கென்ன, எருமைத் தோலு" என்று சொல்லி, மாடு மிதித்த வாய்க்கால் சேற்றில் ஒரு கை அள்ளி உள்ளங்கையில் அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டார். வயலில் வெட்டுப்பட்டால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிறதுதான். யாரும் தப்பென்று நினைக்கவில்லை.

கை ஆறட்டும், பிறகு சோதிக்கலாம் என்று தகட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டார். காயம் ஆறிப்போயிற்று. அதை மறந்தும் விட்டோம். ஒரு காலையில் களியை உருட்டி வாயருகே கொண்டுபோனவர் கையை இறக்கினார். "பல்லு வலியாட்ட இருக்குது. தாடை தொறக்க மாட்டேங்குது" என்றார். வழியில் வந்த ஆறுமுகம் அண்ணன், "ஏனுங் அம்மணி, மாட்டுக்குப் போடறாப்பல மேஸ்திரிக்கு வாய்க்கூடு போட்டு உட்டுட்டீங்களா? பட்டறைக்கே நல்லதுங்க" என்றார். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் சிரிப்பில்லை. முகம் மட்டும் சிரித்தபடி நின்றுவிட்டது. அப்படி ஒரு பயத்தை நான் மலையில்கூடப் பட்டதில்லை.

தெய்வானை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளர் கை தவறி விழுந்தது. அந்தச் சத்தத்தில் அவர் உடம்பு வில்லாக வளைந்தது. தலையும் குதிகாலும் மட்டும் பாயில் பட்டிருந்தன. குழந்தை சுவரோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அன்றிலிருந்து அவள் ஒரு சாமானையும் சத்தமாக வைக்கவில்லை. பேச்சையும் விட்டுவிட்டாள்.

துரை காரை அனுப்பினார். ஆஸ்பத்திரியில் சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிய ஓர் அறையில் அவரைப் படுக்க வைத்தார்கள். காயத்தின் வழியாக வருகிற வில்வாத ஜன்னி என்றார் டாக்டர். வெளிச்சம் பட்டாலும் சத்தம் கேட்டாலும் இழுக்கும் என்றார். நான் உள்ளே போகக் கேட்டபோது அங்கிருந்த நர்ஸம்மா, "வளையலையும் மெட்டியையும் கழட்டிப் போட்டு வாங்க" என்றார். அந்த அம்மா நல்லதற்குத்தான் சொன்னார். அவர் உள்ளே மூச்சோடு இருக்கும்போது நான் எப்படிக் கழற்றுவேன்? முந்தானையைக் கிழித்து வளையல்களைச் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். மெட்டியிலும் துணி சுற்றினேன். சத்தமில்லாமல் உள்ளே போனேன்.

அவர் கையைத் தொட்டேன். கழி முனையில் இருந்த துடிப்பு மாதிரி நாடி ஓடிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்தபடியே பேசினார். குனிந்து காதை வைத்தேன்.

"பாப்பா... வாயைப் பாரு... தெனமும்."

எனக்கு அவர் சொன்ன கடைசிச் சொல் அதுதான். மறுநாள் காலையில்தான் ஆறுமுகம் அண்ணன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டர் தெய்வானையின் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசி போட்டார். "டிஞ்சர் உடனே போட்டது நல்லதாச்சும்மா. ஆனா அதை நம்பி இருந்துரக் கூடாது" என்றார். நம்பி இருக்கவில்லை. தினமும் விடிந்ததும் அவளை எழுப்பி, "வாயைத் தொற கண்ணு" என்பேன். அவள் திறப்பாள். ஒன்றும் பேசமாட்டாள். அப்பனைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அவள் அழவில்லை. வந்த சனமெல்லாம் ஓவென்று அழுதது. அவள் காதைப் பொத்திக்கொண்டு, சத்தம் போடாதீங்க என்று கையால் காட்டினாள். பேசாமல் இருப்பது பயத்தினாலா, தாடை பிடித்துக்கொள்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. களியைச் சின்னதாக உருட்டித் தின்றாலும் பயம், மெதுவாக மென்றாலும் பயம். தூக்கத்தில் புரண்டால் முதுகு வளைகிறதோ என்று பயம்.

இன்று காலை எழுப்பி, வாயைத் திற என்றேன். திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். தாடையில் கை வைத்தேன். கல்லாக இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்க ஆறுமுகம் அண்ணன் தோட்டத்துக்குத்தான் போனேன்.

அவர் கவலை ஓட்ட மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து நேற்றுவரை ஓட்டவில்லை. பயிர் வாடிப்போய்விட்டதால் பூட்டியிருக்கிறார். வரப்பில் என் வீட்டுக்காரரின் பெட்டி இருந்தது. துரையின் ஆள் இன்றைக்கு வந்து வாங்கிப்போவதாகச் சொன்னதால் ஆறுமுகம் அண்ணன் அதை எடுத்து வைத்திருந்தார். அந்தக் கடைசித் தகடு மேலேயே கிடந்தது. அதன் கொக்கியை அண்ணன், அது குத்திய அன்றைக்கே கழற்றி நசுக்கிக் கற்றாழைப் புதருக்குள் புதைத்துவிட்டார்.

என்னைப் பார்த்ததும் மாடு பூட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். "என்னங் அம்மணி?"

"வாய் தொறக்கலீங்க!"

அவர் குழந்தையை வாங்கி, வரப்பில் நிறுத்தி, அவள் முன்னால் குந்தினார். "ஏனுங் சாமி, மாமன்கிட்டயாவது காட்டுவீங்களா?" அவள் அவரைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள். மெதுவாகக் குனிந்து அந்தத் தகட்டை நூலோடு எடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் தடுக்கப் போனேன்; ஆறுமுகம் அண்ணன், "உடுங்க. கொக்கி இல்லீங்க. அவ அப்பன் பாக்காமப் போனதை அவ பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாட்டிடம் போனார்.

மாடு இறங்கியது. பறி கொட்டியது. வாய்க்காலில் தண்ணீர் புரண்டு வந்தது. தெய்வானை நூலைப் பிடித்துத் தகட்டை விட்டாள். சுற்றியது. காலை வெயில் பட்டு வாய்க்கால் முழுக்கப் பொட்டுப் பொட்டாக மின்னியது. மாடு பின்னால் ஏறியது. தண்ணீர் இளைத்தது. தகடு மெதுவாக, இன்னும் மெதுவாகச் சுற்றியது. கடைசிவரை சுற்றிவிட்டு, ஒருபக்கம் சாய்ந்து நின்றது.

அவள் வாயைத் திறந்தாள்.

"அப்பா!"

கிணற்றுக்குள்ளிருந்து புறாக்கள் எழும்பிப் பறந்தன. மாடு மிரண்டு காதைத் தூக்கியது. "நின்னு போச்சு! அப்பா, நின்னு போச்சு!" என்று அவள் தொண்டை கிழிய அழுதாள். இத்தனை நாளும் அடக்கியதையெல்லாம் சேர்த்து அழுதாள். சத்தம் போட்டால் யாருக்கோ என்னவோ ஆகும் என்று பயந்து பூட்டி வைத்திருந்த வாய் அது. அந்தச் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தேன். உள்நாக்கு வரை தெரிந்தது. கீழே விழுந்த பல் இருந்த இடத்தில் புதுப் பல் அரிசி முனையாக வெளியே வந்திருந்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று ஆறுமுகம் அண்ணனைத்தான் கேட்க வேண்டும்.

மாடு மறுபடி இறங்கியது. தண்ணீர் வந்தது. தகடு மறுபடி சுற்றியது.

ஏனுங்க, உங்கள் கடைசித் தகடும் நல்ல தகடுதான். துரைக்குக் கொடுக்கவில்லை, பாப்பா அதைக் கையைவிட்டுத் தரமாட்டேன் என்கிறாள். அமாவாசை இன்னும் வரவில்லை. பயம் போகவில்லை. போகவும் வேண்டாம், நீங்கள் இருக்கச் சொன்ன பயம் அது. நாளைக் காலையும் பாப்பா வாயைப் பார்ப்பேன். அதற்கு அடுத்த காலையும் பார்ப்பேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். மூடுபனிக்குள் நின்று பதில் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இந்தத் தடவை கத்திக் கூப்பிடமாட்டேன். போய்ட்டு வாங்க.